கிக் லேன்: கைவிட்டுப் போய்த் திரும்பிய ஒரு சிறு மைதானம்

மண்வாசல் எழுதியது:

போன சனிக்கிழமை முதன்முறையாகக் கிக் லேனுக்குப் போய் வந்தேன். மான்செஸ்டருக்கு வடக்கே, டிராம் தடத்தின் கடைசி நிறுத்தமான பெரி நகரத்தின் கால்பந்து மைதானம் அது. இங்கே நாம் எப்போதும் ஓல்டு டிராஃபோர்டு (மான்செஸ்டர் யுனைடெட்), ஆன்ஃபீல்டு (லிவர்பூல்) போன்ற பெரிய மைதானங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சிறிய மைதானத்தைப் பற்றி ஒரு இழைகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எழுதுகிறேன்.

பெரி கால்பந்து கழகம் 1885இல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கிக் லேனில் முதல் ஆட்டம். எதிரணி விகன், பெரி 4-3 என்று வென்றது. நிலம் டார்பி பிரபுவின் பண்ணையைச் சேர்ந்தது. 1922இல் அவர் அதைக் கழகத்துக்கே கொடையாகத் தந்துவிட்டார். வீடு மாறாத குடும்பம் போல 2019 வரை கழகம் அங்கேயே இருந்தது. 1894 முதல் 125 ஆண்டுகள் தொடர்ந்து ஆங்கில லீகில் ஆடிய ஊர் இது.

இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறார்கள். 1900இல் சவுதாம்ப்டனை 4-0 என்றும், 1903இல் டார்பி கவுன்டியை 6-0 என்றும் வீழ்த்தினார்கள். 1903இல் அந்தப் போட்டித்தொடர் முழுவதும் பெரி ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதிப்போட்டியில் 6-0 என்ற அந்தச் சாதனையை 116 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை அதே 6-0 கணக்கில் வென்று சமன் செய்தது. அடுத்த மூன்று மாதங்களில் பெரி லீகிலிருந்தே நீக்கப்பட்டது. இந்த இரண்டு செய்திகளும் ஒரே கோடையில் வந்தவை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

மைதானம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நான்கு பக்கமும் தனித்தனி பார்வையாளர் மேடைகள். ஏறத்தாழ 12,000 பேர் உட்காரலாம். கிழக்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் மேடைக்குக் 'கல்லறைப் பக்கம்' என்று பெயர். உண்மையிலேயே அதற்கு அப்பால் ஊரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நான் உட்கார்ந்த நீல இருக்கை வெயிலில் வெளுத்து, விளிம்பு மட்டும் பழைய நீலத்தோடு இருந்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி தெர்மாஸ் குடுவையைத் திறந்து, மூடியில் தேநீர் ஊற்றி, யாரென்றே தெரியாத என்னிடம் நீட்டினார்.

இந்த மைதானத்தின் கதை தெரிந்தவர்கள் வாருங்கள். எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. கழகம் என்பது எது? மைதானமா, ஆட்களா? இரண்டும் சில ஆண்டுகள் பிரிந்தே கிடந்த ஊர் என்பதால் கேட்கிறேன்.

பழையபேனா எழுதியது:

நல்ல இழை, தம்பி. நீங்கள் விட்டுவிட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1885இல் இந்தக் கழகம் வெறுமையிலிருந்து முளைக்கவில்லை. ஊரில் தேவாலயங்களைச் சார்ந்த இரண்டு அணிகள் இருந்தன. ஒன்று வெஸ்லியன்களுடையது, மற்றது யூனிடேரியன்களுடையது. சமயக் கருத்தில் இரு சாராரும் ஒத்துப்போகிறவர்கள் அல்லர். அப்படியும் ஊரின் ஒரு விடுதியில் கூடிப் பேசி ஒன்றானார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது வெளிச்சம். 1889இலேயே கிக் லேனில் இரவு ஆட்டம் நடந்திருக்கிறது. ஹேவுட் சென்ட்ரல் அணியோடு, வெல்ஸ் விளக்குகள் எனப்பட்ட எண்ணெய் விளக்குகளை எரியவைத்து ஆடினார்கள். அழுத்தத்தில் எண்ணெயைப் பீய்ச்சி எரிக்கும் பெரிய சுடர் விளக்குகள் அவை. ரயில் பாதை, துறைமுகம் போன்ற இடங்களில் இரவு வேலைக்கு வைப்பார்கள். 7,000 பேர் வந்து பார்த்தார்கள். பகலெல்லாம் பஞ்சாலையில் நின்றவர்கள் இருட்டிய பிறகு பந்தைப் பார்க்கக் கூடிய காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கழகத்தின் 'ஷேக்கர்ஸ்' (உலுக்குகிறவர்கள்) என்ற பட்டப்பெயரும் அந்தக் காலத்துடையதுதான். 1892 லங்காஷயர் கோப்பை இறுதியாட்டத்தில் எதிரணி பிளாக்பர்ன் ரோவர்ஸ், அன்றைக்கு மலை போன்ற அணி. அவர்களை உலுக்கிவிடுவோம், நாம்தான் உலுக்குகிறவர்கள் என்று கழகத் தலைவர் இங்காம் சொன்னார். சொன்னபடி வென்றும் காட்டினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கூட்டத்தின் உச்சம் 1960 ஜனவரி. எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று, எதிரே பக்கத்து ஊர் போல்டன், 35,000 பேர். இப்போதைய இருக்கை எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! எல்லோரும் நின்று பார்த்த காலம். 1990களில்தான் முழுக்க இருக்கைகளாக மாற்றினார்கள்.

காலின் பெல்லையும் மறக்கக் கூடாது. பின்னாளில் மான்செஸ்டர் சிட்டியின் பெருமைக்குரிய வீரரான அவர் 1963 முதல் 1966 வரை ஆடியது இந்தப் புல்தரையில்தான். சிட்டியின் பயிற்சியாளர் மால்கம் அலிசன் அவரை வாங்க ஆசைப்பட்டு இங்கே வந்து உட்காருவாராம். சிட்டியிடம் அப்போது பணம் தயாராக இல்லை. அதனால் பக்கத்தில் மற்ற கழகங்களின் ஆட்கள் இருக்கும்போது, இவனுக்குத் தலையால் முட்டத் தெரியவில்லை, இடது கால் விளங்கவில்லை என்று காது கேட்கக் குறை சொல்வாராம். பணம் வந்ததும் முதல் ஆளாகப் போய் வாங்கிக்கொண்டார்.

அலைவரிசை எழுதியது:

ஐயாவின் பதிவு அருமை. நான் கணக்குத் துறையில் இருப்பவன். 2019இல் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதை 'ஒரு சின்னக் கழகம் திவாலானது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

2013இல் ஸ்டூவர்ட் டே என்ற கட்டுமானத் தொழில்காரரின் கைக்குக் கழகம் வந்தது. வருமானத்துக்கு மீறி வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓட்டையை அடைக்க மைதானத்தையே அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். 1922இல் ஒரு பிரபு ஊரின் கழகத்துக்குக் கொடையாகத் தந்த நிலம் அது. மைதானத்தின் கார் நிறுத்துமிடங்களைக்கூட முதலீட்டாளர்களுக்குத் தனித்தனியாக விற்றார்கள். கார் நிறுத்தும் இடத்தைத் துண்டு போட்டு விற்கும் நிலைக்கு ஒரு கழகம் வந்துவிட்டால் அடுப்பில் பூனை தூங்குகிறது என்றுதானே பொருள்.

2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவர் கழகத்தை 1 பவுண்டுக்கு வாங்கினார். ஒரே ஒரு பவுண்ட். கடன் சுமை தனி. அவரிடம் கழகத்தை நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கான சான்று லீகின் கைக்கு வருவதற்கு முன்பே கைமாற்றம் முடிந்துவிட்டது. பெரி என்ற ஊரில் கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று அவரே பின்னால் வானொலியில் சொன்னார்.

இதற்கு நடுவில் வீரர்கள் என்ன செய்தார்கள்? மாதக்கணக்கில் சம்பளம் சரியாக வராத நிலையிலும், ரயன் லோவின் பயிற்சியில் 2018–19 பருவத்தில் ஆங்கில லீக் அடுக்கின் நான்காம் படியில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறினார்கள். 2019 மே 4 அன்று போர்ட் வேலுடன் 1-1. கிக் லேனில் அதுதான் பழைய கழகத்தின் கடைசி ஆட்டம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அடுத்த பருவம் தொடங்கியும் பெரியால் ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை, ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதி நீக்கிவிட்டார்கள். அதே வாரம் அதே நெருக்கடியில் இருந்த போல்டன் மயிரிழையில் தப்பியது. அந்த ஆண்டு மூன்றாம் படி லீக் 23 அணிகளோடு ஓடி முடிந்தது.

ஊசிமல்லி எழுதியது:

அந்த ஆகஸ்ட் 27ஐப் பற்றி நான் சொல்ல வேண்டும். நான் அங்கே இருந்தேன்.

அப்போது பெரியில் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கால்பந்து எனக்கு ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டு அம்மா காலையில் கதவைத் தட்டி, கழகத்தை வாங்க ஆள் வந்துவிட்டது, சனிக்கிழமை ஆட்டம் நடக்கும், மைதானத்தைக் கழுவ ஆள் வேண்டுமாம், வருகிறாயா என்று கேட்டார். ஒரு வாளியும் இரண்டு பழைய துண்டுகளும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்திருந்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு யாரும் தொடாத இருக்கைகள். புறா எச்சம் காய்ந்து சுண்ணாம்பு போலப் பிடித்திருந்தது. முதலில் ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட வேண்டும், அப்புறம் விரல் நகத்தால் விளிம்பைக் கிளப்பினால் பெயர்ந்து வரும். இருக்கை மடியும் இடத்தில் உள்ள இடுக்கில்தான் அதிகம். எனக்கு ஒரு வரிசை கொடுத்தார்கள். இருபத்திரண்டு இருக்கைகள் துடைத்தேன். பக்கத்து வரிசையில் ஒரு சிறுவன், ஏழு எட்டு வயது இருக்கும், தான் துடைத்த ஒவ்வொரு இருக்கையிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனான். கீழே சிலர் படிக்கட்டு இடுக்கில் முளைத்த களையைப் பிடுங்கினார்கள். சிலர் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள்.

மாலை 5 மணி கெடு. பிற்பகலிலேயே, வாங்க இருந்தவர்கள் விலகிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. யாரும் உடனே கிளம்பவில்லை. எதிர்வீட்டு அம்மா கையிலிருந்த வரிசையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். இரவில் செய்தி வந்தபோது அவர் வீட்டு விளக்கு நெடுநேரம் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் என்ன சொல்லி ஆறுதல் கூறுவது என்று தெரியாமல், இட்லி ஊற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி எனக்குத் தெரிந்தது அதுதான். சாவு வீட்டுக்குப் போவது போலத்தான் இருந்தது.

அதற்குச் சில நாள் முன்னால் ஜாய் ஹார்ட் என்ற முன்னாள் இயக்குநர் மைதான அலுவலகத்தின் மழைநீர்க் குழாயில் தன் கையை விலங்கிட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தந்தை லெஸ் ஹார்ட் வீரராகவும் பயிற்சியாளராகவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்தவர். தெற்கு மேடைக்கு அவர் பெயர்தான். தகப்பன் பெயர் எழுதிய சுவரைக் காக்க வந்த மகள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னபோதுதான் இந்த ஊருக்கு இந்த இடம் யார் என்று எனக்குப் புரிந்தது.

நேர்க்கோடு எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு மறுப்பு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இன்னொரு பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் ராட்கிளிஃபில் வசிக்கிறேன், பெரிக்குப் பக்கம்.

கழகம் போன பிறகு ரசிகர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 'பெரி ஏ.எஃப்.சி.' என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். உறுப்பினர்களே உரிமையாளர்கள், ஒருவருக்கு ஒரு வாக்கு. 2020இல் பத்தாம் படியில், ராட்கிளிஃபின் மைதானத்தை இரவல் வாங்கி ஆடினோம். 2022இல் லீகை வென்று மேலே ஏறினோம். மூன்றாம் படியில் இருந்த ஊர் பத்தாம் படியிலிருந்து மறுபடி அரிச்சுவடி படித்தது. அந்த ஆண்டுகளில் எங்களுக்குச் சொந்த மைதானம் இல்லை. ஆனால் கழகம் இருந்தது. ஆகவே தம்பியின் கேள்விக்கு என் பதில்: ஆட்கள்தான் கழகம். சிமெண்டும் இரும்பும் கழகம் ஆகாது.

இன்னொன்றும் சொல்கிறேன். இதே கிக் லேனில் 2005 முதல் 2014 வரை எஃப்.சி. யுனைடெட் குடக்கூலிக்கு ஆடியது. மான்செஸ்டர் யுனைடெட்டைக் கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்து வெளியேறிய ரசிகர்கள் அமைத்த கழகம் அது. உலகின் மிகப் பெரிய மைதானங்களில் ஒன்றை விட்டுவிட்டு வெளியே வந்தவர்கள். அவர்களும் ஆட்கள்தான் கழகம் என்று நம்பித்தானே வந்தார்கள்?

மண்வாசல் எழுதியது:

நேர்க்கோடு, உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அவர்களும் ஒன்பது ஆண்டுகள் தங்கள் சொந்த மைதானத்துக்காகப் பணம் சேர்த்தார்கள், இல்லையா? இரவல் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குச் சொந்த வீட்டு ஏக்கம் ஏன் வருகிறது? 2022 அக்டோபர் வாக்கெடுப்பைப் பற்றியும் நீங்களே சொன்னால் நன்றாக இருக்கும்.

நேர்க்கோடு எழுதியது:

சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. முதல் வாக்கெடுப்பில் நான் 'வேண்டாம்' என்று வாக்களித்தவன்.

பின்னணி இது. 2022 பிப்ரவரியில் இன்னொரு ரசிகர் குழு, நன்கொடையாளர்களின் பணத்தோடும் அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து வந்த 10 லட்சம் பவுண்டோடும் கிக் லேனை விலைக்கு வாங்கிவிட்டது. ஒரே ஊரில், ஒரே நிறத்தை நேசிக்கும் இரண்டு தரப்பு: ஒருவரிடம் ஆடும் அணி, மற்றவரிடம் ஆட்டம் இல்லாத மைதானம். இணையலாமா என்று 2022 அக்டோபரில் இரண்டு பக்கமும் வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு தேவை. எங்கள் பக்கம் கொஞ்சத்தில் குறைந்துபோனது. அந்தக் கொஞ்சத்தில் என் வாக்கும் ஒன்று.

பயந்தேன். 12,000 இருக்கை உள்ள பழைய கட்டடத்தை ஒன்பதாம் படி அணியின் வருமானத்தில் எப்படிக் கட்டி மேய்ப்பது? கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? பணம் போட்டவர்கள் நாளைக்கு முடிவும் எங்களுடையது என்றால்? ஒருமுறை முதலாளியால் வெந்த ஊர், அடுத்த முறை வாசலில் வருகிறவர்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்க்கும். அதில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

மனம் மாறியது வேறு காரணத்தால். எங்கள் தெருவில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். ராட்கிளிஃப் மைதானம் அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஒருநாளும் வரவில்லை. சனிக்கிழமை பிற்பகல் பஸ் பிடித்துக் கிக் லேனுக்குப் போவார். பூட்டிய கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பார், திரும்பி வந்துவிடுவார். ஒருநாள் அவரோடு நானும் போனேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கை காட்டினார்: அப்பா நின்ற இடம் அது, அண்ணன் நின்ற இடம் அது, நான் வேலைக்குப் போன பிறகு நின்ற இடம் அது. மேடைகள் எல்லாம் எப்போதோ இருக்கைகளாக மாறிவிட்டன. அவர் கண்ணுக்கு மட்டும் பழைய படிகள் தெரிந்தன.

2023 மே மாதம் மறு வாக்கெடுப்பு வந்தது. 'சம்மதம்' என்று வாக்களித்தேன். இந்த முறை தேறியது. அதே ஆண்டு பெரி என்ற பழைய பெயரோடு அணி கிக் லேனுக்குத் திரும்பியது. அந்தப் பெரியவர் முதல் ஆட்டத்துக்கு வந்தார். கல்லறைப் பக்கம் உட்கார்ந்தார். ஆகவே மேலே நான் எழுதிய பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஆட்கள்தான் கழகம். ஆனால் ஆட்கள் தங்கள் செத்தவர்களைச் சந்திக்கும் இடம் மைதானம்.

பழையபேனா எழுதியது:

நேர்க்கோடு, இதைத்தான் மனத்தில் வைக்கச் சொன்னேன். 1885இல் இரண்டு சபைக்காரர்கள் ஒன்றானார்கள். 2023இல் இரண்டு ரசிகர் அமைப்புகள் ஒன்றாயின. 138 ஆண்டு இடைவெளியில் அதே ஊர் அதே வேலையை இரண்டு முறை செய்திருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் கூடிக் கட்டினால்தான் இந்த ஊரில் கால்பந்து நிற்கும் போலிருக்கிறது.

தம்பிக்கு இன்னொரு தகவல். பிரதான மேடைக்கு நெவில் நெவில் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய கேரி, ஃபில் நெவில் சகோதரர்களின் தந்தை. அவர்களுடைய தாயார் கழகத்தின் செயலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். பிள்ளைகள் ஓல்டு டிராஃபோர்டில் கோப்பை கோப்பையாகத் தூக்கியபோது பெற்றோர் இந்தச் சின்ன மைதானத்தின் கணக்கையும் கடிதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலைவரிசை எழுதியது:

சட்டம் பற்றி ஒரு செய்தியைச் சேர்த்துவிடுகிறேன். பெரியின் வீழ்ச்சிக்குப் பிறகுதான் ரசிகர்கள் கருத்தோடு கால்பந்தின் நிர்வாகத்தை ஆராய வேண்டும் என்ற கோரிக்கை அரசியல்வாதிகள் காதில் ஏறியது. முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வு 2021 நவம்பரில் வெளிவந்தது. அதன் வழியே 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. இனி ஒரு கழகம் தன் மைதானத்தை விற்கவோ வேறு இடத்துக்குப் பெயரவோ நினைத்தால் தனி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

ஆனால் அது முதல் ஐந்து படிகளில் உள்ள கழகங்களுக்கு மட்டும். பெரி 2025இல் ஒன்பதாம் படியிலிருந்து எட்டாம் படிக்கு ஏறியிருக்கிறது. தன் வீட்டைப் பறிகொடுத்து மற்றவர்களுக்குச் சட்டம் வாங்கிக் கொடுத்த ஊர், அந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வர இன்னும் மூன்று படி ஏற வேண்டும். இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. ஒன்பதாம் படியில் ஆடியபோதே 3,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்த மைதானம் இது.

ஊசிமல்லி எழுதியது:

சட்டம் வரட்டும். நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். திரும்பி வந்த பிறகு எதிர்வீட்டு அம்மாவோடு ஆட்டத்துக்குப் போனேன். நான் துடைத்த வரிசையைத் தேடிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன், ஓரத்தில் ஓர் இருக்கையின் எண் வில்லை பாதி உடைந்திருந்தது நினைவில் இருந்தது. அதில் இப்போது யாரோ ஒரு வாலிபர் உட்கார்ந்து 'பை' என்ற சுட்ட பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மண்வாசல், அடுத்த சனிக்கிழமை போகிறீர்களா? சென்னையிலிருந்து என் தம்பி வந்திருக்கிறான். அவனுக்கும் வழி தெரியாது. டிராமிலிருந்து இறங்கி எப்படிப் போக வேண்டும் என்று எழுதுங்கள். எனக்கு எப்போதும் அம்மாவின் காரில் போய்த்தான் பழக்கம்.

மண்வாசல் எழுதியது:

போகிறேன் அக்கா. பெரி நிறுத்தத்தில் இறங்கி, மான்செஸ்டர் ரோட்டில் தெற்கே நடக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒரு மைல். இடப்பக்கம் கிக் லேன் பிரியும் இடத்தில் திரும்ப வேண்டும். நீலமும் வெள்ளையும் சால்வை போட்டவர்கள் பின்னால் போனாலே போதும். இறங்கியதும் ஊர்ச் சந்தைக்குள் ஒரு நடை போகச் சொல்லுங்கள், மூன்று மணி ஆட்டத்துக்கு நேரம் நிறைய இருக்கும்.

நான் கல்லறைப் பக்கம், தெர்மாஸ் பாட்டியின் பின்வரிசையில் இருப்பேன். இந்த முறை தேநீர் நான் கொண்டுவருகிறேன்.